ஒரு 1964 ப்ரிசிஷன் பேஸ்: ஆண்டு கணித்ததும் விலை கணித்ததும்

விற்பனைக்கு வந்தது ஒரு ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ், அதாவது அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் மின்சார பேஸ் கிட்டார். விற்பவர் அதைப் பற்றி மூன்று விஷயங்களைச் சொன்னார்: 1964-இல் செய்தது, ‘லேக் பிளாசிட் ப்ளூ’ என்ற நீல நிறம் தொழிற்சாலையிலேயே பூசப்பட்டது, உள்ளே வெளியே எதுவும் மாற்றப்படாதது. அவர் கேட்ட விலை, அதே ஆண்டைச் சேர்ந்த, எதுவும் மாறாத சன்பர்ஸ்ட் நிறக் கருவி (நடுவில் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு) ஒன்று விலைபோகும் தொகையைப் போல ஒன்றரை மடங்கு. வாங்க விரும்பியவர் மேடையில் வாசிக்கும் பேஸ் கலைஞர். பணத்தைக் கொடுப்பதற்கு முன் கருவியைப் பிரித்துப் பார்த்து, ஆண்டையும் மதிப்பையும் எழுத்தில் தரும்படி என்னைக் கேட்டார். பிரிப்பதற்கு விற்பவரும் சம்மதித்தார். சம்மதிக்காதவரிடம் இந்த விலையில் கருவி வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து; நெக்கை, அதாவது கருவியின் கழுத்தை, கழற்றாமல் பழைய ஃபெண்டருக்கு ஆண்டு சொல்வது வெறும் ஊகம்.

ஆண்டு இவ்வளவு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் அறிமுகப்படுத்திய ப்ரிசிஷன் பேஸ், 1957-இல் இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) புதிய பிக்கார்டும் (உடலின் முகத்தை மூடும் தகடு) பெற்று இன்று நாம் அறியும் வடிவத்துக்கு வந்தது. 1965 ஜனவரியில் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவை, பின் செய்தவை என்று சந்தை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. உண்மையில் 1964 டிசம்பரில் செய்ததற்கும் 1965 பிப்ரவரியில் செய்ததற்கும் மரத்திலோ கம்பிச்சுருளிலோ காது கண்டுபிடிக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. அதே ஆட்கள், அதே இயந்திரங்கள், அலமாரியில் இருந்த அதே பாகங்கள். இருந்தாலும் விலை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது என்பதால், மதிப்பிடுபவரும் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது

விற்பவர் முதலில் காட்டியது, உடலின் பின்புறம் நெக்கைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் பொறித்த தொடர் எண். ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து 4-இல் தொடங்கும் ஐந்து இலக்கங்களும் அதில் இருந்தன. ‘எல்’ வரிசை எண்கள் ஏறத்தாழ 1963 முதல் 1965 வரை வந்தவை. நாற்பதாயிரங்களில் வரும் எண் 1964-க்குப் பொருந்துவதே. ஆனால் இந்தத் தகடுகளை ஒரு பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். எண்களின் வரிசையும் கருவிகள் வெளியேறிய வரிசையும் ஒன்றல்ல. அதைவிட முக்கியமானது, நான்கு திருகுகளைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், எந்தக் கருவியின் தகட்டையும் எந்தக் கருவியிலும் மாட்டலாம் என்பது. ஆகவே அந்த எண் ‘இருக்கலாம்’ என்று சொல்கிறது, அவ்வளவே.

கருவியின் ஆண்டை ஒரே எண்ணில் தேடுவதுதான் வாங்குபவர்கள் ஏமாறும் இடம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே தேதி குறித்து, எல்லாத் தேதிகளும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளும் காலத்தைத்தான் கருவியின் காலம் என்று சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாத பாகம் எது என்பதிலிருந்துதான் விலையின் கதை தொடங்குகிறது.

நெக்

நெக்கைக் கழற்றியதும் அதன் அடிப்பகுதியில் ரப்பர் முத்திரையில் குத்திய எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன: முதலில் 5, பிறகு அக்டோபரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம், பிறகு 64, கடைசியில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. விற்பவர் இதை ‘1964 அக்டோபர் 5’ என்று படித்திருந்தார். பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள், ஆனால் அந்த 5 நாளைக் குறிப்பதல்ல. 1962-க்குப் பிறகு வந்த இந்த முத்திரையில் முதல் எண் மாடலுக்கான குறியீடு: 5 என்றால் ப்ரிசிஷன் பேஸ், 7 என்றால் ஜாஸ் பேஸ். கடைசி எழுத்து, நட்டு (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் சிறு துண்டு) அருகே நெக்கின் அகலம். ‘சி’ என்றால் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.5 மி.மீ. அளந்து பார்த்தபோது அகலம் முத்திரையோடு ஒத்திருந்தது. இந்த ஒப்பீட்டை விட்டுவிடக் கூடாது. போலி முத்திரை குத்துபவர்கள் தேதியில் கவனம் வைப்பார்கள். மாடல் எண்ணிலும் அகல எழுத்திலும்தான் பெரும்பாலும் சிக்குவார்கள்.

முத்திரை மையை மட்டும் நம்பாமல், அந்த மாதத்து நெக் எப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் பார்த்தேன். 1959 முதல் 1962 நடுவரை ஃபெண்டர் தடித்த, அடிப்பக்கம் தட்டையான ரோஸ்வுட் பலகையை மேப்பிள் நெக்கின் மேல் ஒட்டியது. அதன் பிறகு, வளைத்துச் செதுக்கிய மேப்பிளின் மேல் அதே வளைவில் மெல்லிய ரோஸ்வுட் தகடு வந்தது. அடிப்பக்க முனையை நேராகப் பார்த்தால் இரண்டும் சேரும் கோடு வளைந்திருக்க வேண்டும், வளைந்திருந்தது. பலகையில் விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் புள்ளிகள் மங்கிய களிமண் நிறத்தில் இருந்தன. முத்துப்போல் மின்னும் புள்ளிகள் 1964-இன் கடைசிக்குப் பிறகு வந்தவை. நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் கறுப்பு விளிம்பிட்ட தங்க நிற லோகோ, அந்த ஆண்டின் நடுவில் மெல்லிய பழைய லோகோவுக்குப் பதிலாக வந்தது. கம்பிகளை முறுக்கும் ட்யூனிங் கீகளைச் சுற்றிக் கூடுதல் திருகுத் துளைகள் இல்லை. இருட்டறையில் புற ஊதா விளக்கை ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் காட்டியபோது, லோகோவின் மேலும் அதைச் சுற்றியும் ஒரே சீரான மஞ்சள்பச்சை ஒளி எழுந்தது. பல பத்தாண்டுகள் பழகிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காட்டும் ஒளி அது. லோகோவைப் பிற்காலத்தில் ஒட்டியிருந்தால் அதைச் சுற்றி ஒரு கரிய நீள்சதுரம் தெரிந்திருக்கக்கூடும்.

நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் மட்டும் புதியவை. அறுபது ஆண்டுகள் வாசிக்கப்பட்ட கருவியில் அது இயல்பு, வேலையும் சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடு இரண்டு திசையிலும் அசைந்தது. இந்தக் காலத்து நெக்குகளில் ட்ரஸ் ராடின் முனை அடிப்பக்கத்தில் இருப்பதால், அதைத் திருப்ப நெக்கைக் கழற்றியே ஆக வேண்டும். எனவே நெக் திருகுகளில் தேய்மானம் தெரிவதைக் கண்டு யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. உடலில் அந்த நான்கு துளைகளுக்கு அருகே வேறு துளைகள் அடைக்கப்பட்டிருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. நெக் 1964 அக்டோபரைச் சேர்ந்தது என்றும், இந்த உடலோடு தொடக்கத்திலிருந்தே இருப்பது என்றும் முடிவுக்கு வந்தேன்.

மின்பாகங்கள்

பிக்கார்டைத் தூக்கியதும் வால்யூம், டோன் ஆகிய இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களின் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடைகள்) முதுகையும் படித்தேன். வால்யூமில் 304 என்ற எண்ணும் 64-இல் தொடங்கும் நான்கு இலக்கங்களும் இருந்தன. 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு. அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். டோனில் இருந்தது 137 7214: சி.டி.எஸ். நிறுவனம், 1972-இன் 14-ஆவது வாரம். அதன் முதுகில் பற்றவைத்த ஈயம் புதிதாகவும் பளபளப்பாகவும் பரவிக் கிடந்தது. வால்யூமின் முதுகில் இருந்ததோ மங்கி, ஒரே முறை வைத்த ஈயம். ஆகவே டோன் பொட்டென்ஷியோமீட்டர் மாற்றப்பட்டது. ஃப்ரெட்டுகளை விட்டுவிட்டால், ‘எதுவும் மாற்றப்படாதது’ என்ற சொல் இங்கே முதல் முறையாக உடைந்தது.

பொட்டென்ஷியோமீட்டர் தேதி கருவியின் தேதி ஆகாது. ‘இதற்கு முன் இருந்திருக்க முடியாது’ என்று மட்டுமே அது சொல்லும். ஃபெண்டர் 1966-இல் பெரும் எண்ணிக்கையில் பொட்டென்ஷியோமீட்டர்களை வாங்கி வைத்து 1969 வரைகூடப் பயன்படுத்தியது. அதனால் 66 என்ற எண்ணைப் பார்த்து 1969 கருவியை 1966 என்று விற்பவர்களும் உண்டு.

பிக்கப்பின் அடித்தட்டு சாம்பல் நிறம். அதுவரை கறுப்பாக இருந்த தட்டு 1964-இல்தான் சாம்பலுக்கு மாறியது. ப்ரிசிஷனின் இரண்டு சுருள்களும் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று அறுந்தாலும் சத்தமே வராது. எனவே தனித்தனியே அளந்தேன். ஒவ்வொன்றும் 5 கிலோ ஓமை ஒட்டியே காட்டின, இரண்டும் சேர்ந்து 10 கிலோ ஓமுக்குச் சற்று மேல். யாராவது மறுபடி சுற்றியிருந்தால் இரண்டில் ஒன்றாவது மற்றதைவிட விலகி நிற்கும் வாய்ப்பு அதிகம். கம்பிகளின் துணி உறை, மெழுகு பிடித்த அதன் விறைப்பு, சுருளின் தொடக்கத்தில் இருந்த பழைய ஈயம் எல்லாமே தொடப்படாதவை. பழைய கருவியில் நெக்குக்கு அடுத்தபடி பணம் இருப்பது இந்தப் பிக்கப்பில்தான்.

நீலம்

இந்த ஆய்வின் கனமான பகுதி பூச்சுதான், ஏனெனில் கேட்ட விலையின் பெரும்பங்கு அந்த நீலத்தின் மேல்தான் நின்றது. வழக்கமான சன்பர்ஸ்ட்டுக்குப் பதிலாகக் கேட்டு வாங்கும் தனிநிறங்களுக்கு ஃபெண்டர் அந்நாளில் பட்டியல் விலையோடு 5 சதவீதம் கூடுதலாக வாங்கியது. இன்றோ அசல் தனிநிறம் ஒரு கருவியை வேறு வரிசைக்கே கொண்டுபோகிறது. அதனால்தான் அசல் உடலை எடுத்து மேலே தனிநிறம் பூசி விற்பது ஒரு தொழிலாகவே இருக்கிறது.

லேக் பிளாசிட் ப்ளூ உலோகத்துகள் கலந்த கார் பெயின்ட். அதன் மேல் பூசிய நிறமற்ற நைட்ரோ லாக்கர் வெளிச்சத்திலும் புகையிலும் மஞ்சளாகும்போது நீலம் பச்சையாகத் தெரியும். இந்தக் கருவியும் வெளியே அழகான கடல்பச்சையில் இருந்தது. விற்பவர் அதைத்தான் பழமைக்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் பிக்கார்டுக்கு அடியில் வெளிச்சமே படாமல் இருந்த இடத்திலும் அதே அளவு பச்சை! உண்மையாகவே பழகிய பூச்சு என்றால், பிக்கார்டின் விளிம்பு விழுந்த கோட்டுக்கு அப்புறம் நீலம் நீலமாகவே மிஞ்சியிருக்க வேண்டும். மஞ்சள் சாயம் கலந்த வார்னிஷை யாரோ உடல் முழுவதும் பூசியிருக்கிறார்.

ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்பெழுத நான் விரும்பவில்லை. நெக் உட்காரும் குழியைப் பார்த்தேன். 1962-இன் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலையில் உடலைப் பிடித்துப் பெயின்ட் அடிக்க ஒரு கட்டையைக் குழிக்குள் திருகி வைப்பார்கள். கட்டை மறைத்த இடத்தில் நிறம் விழாது. அந்த வெற்றுப் பட்டை இல்லாத குழியை அசல் பூச்சு என்று ஒப்புக்கொள்வது கடினம். இங்கே பட்டையின் விளிம்பு மேடாகத் தடவினால் தெரிந்தது, ஆனால் நீலம் அதன் மேலேயே கடந்து போயிருந்தது. அதாவது அந்தப் பட்டை இந்த நீலத்துக்கு உரியது அல்ல, அதற்கு அடியில் இருக்கும் வேறு பூச்சுக்கு உரியது. இன்னொன்று, ஆணித் துளைகள். அக்காலத்தில் உடலின் முகத்தில் சிறு ஆணிகளை அடித்து, அவற்றின் மேல் நிறுத்திக் காயவைத்து, பூச்சு முடிந்த பிறகு பிடுங்குவார்கள். ஆகவே அசல் பூச்சில் துளைக்குள் வெறும் மரம்தான் தெரியும். இங்கே பிக்கார்டுக்கு அடியில் இருந்த துளைகளுக்குள் நீலம் இறங்கி உறைந்திருந்தது.

பூச்சு சற்றுச் சிதறிய ஓர் ஓரத்தில் நீலத்துக்கு அடியில் சன்பர்ஸ்ட்டின் கறுப்பும் மஞ்சளும் தெரிந்தன. வாங்க விரும்பியவர் இதைத்தான் முடிவான ஆதாரமாக எடுத்துக்கொண்டார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முடித்த சன்பர்ஸ்ட் உடலின் மேலேயே தனிநிறம் அடித்து ஃபெண்டர் அனுப்பியதும் உண்டு, அப்படி வந்தவை அசல் தனிநிறங்களே. அடியில் இன்னொரு நிறம் இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

நிரூபித்தது வேறொன்று. பிக்கார்டுக்கு அடியில், தடித்த கம்பியான ஈ கம்பியின் பக்கம், இரண்டு துளைகள் மரத்துண்டால் அடைக்கப்பட்டு அவற்றின் மேல் நீலம் பூசப்பட்டிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது இரண்டு வட்டங்களும் லேசாகக் குழிந்து தெரிந்தன. ப்ரிசிஷனில் விரலைத் தாங்கும் சிறு கட்டை 1974 வரை மெல்லிய ஜி கம்பியின் பக்கம்தான் இருந்தது. கட்டைவிரலை அதில் வைத்து வாசிக்க விரும்பியவர்கள் அதைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டார்கள், 1974-இல் தொழிற்சாலையே அந்த வழக்கத்தைப் பின்பற்றியது. இந்தக் கருவியை ஒருவர் வாசித்திருக்கிறார், கட்டையை மாற்றியிருக்கிறார், பின்னர் இன்னொருவர் அந்தத் துளைகளை அடைத்திருக்கிறார், அதற்குப் பிறகுதான் இந்த நீலம் வந்திருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளியேறி வாழ்ந்த கருவியின் மேல் பூசப்பட்ட நிறம் இது. புற ஊதா விளக்கும் அதையே சொன்னது: ஹெட்ஸ்டாக்கில் எழுந்த மஞ்சள்பச்சை ஒளி உடலில் எங்கும் எழவில்லை, மங்கிய நீலச்சாயல் மட்டுமே தெரிந்தது.

அந்தத் துளைகள் மேலும் ஒரு செய்தியைத் தந்தன. விரல்கட்டை பிக்கார்டின் வழியாகவே உடலில் திருகப்படும்; ஆகவே அசல் பிக்கார்டாக இருந்தால் அதிலும் அந்த இடத்தில் இரண்டு துளைகள் இருந்தாக வேண்டும். ஆமையோட்டு நிறத்தில் இருந்த இந்தப் பிக்கார்டில் அவை இல்லை. 1964-இன் பிக்கார்டு செல்லுலாய்டால் ஆனது. காலப்போக்கில் சுருங்கும், திருகுகள் உள்நோக்கிச் சாயும், ஓரங்களில் வெடிப்பும் விழும். இங்கே ஒவ்வொரு திருகும் நெட்டுக்குத்தாக நின்றது. பிக்கார்டும் பிற்காலத்து நகல்.

மதிப்பு

ஆண்டு உறுதியானது: நெக், தகடு, வால்யூம், பிக்கப், உடலின் ஆணித் துளைகள், நெக் குழியில் நீலத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பட்டை ஆகிய எல்லாம் 1964-இன் பிற்பகுதியைச் சுட்டுகின்றன. அக்டோபரில் முத்திரை பெற்ற நெக் ஓரிரு மாதம் கழித்துப் பொருத்தப்பட்டிருக்கலாம், அது 1965 ஜனவரிக்குள்ளும் விழுந்திருக்கலாம். எனவே அறிக்கையில் ‘1964 பிற்பகுதி, பாகங்களின் தேதிப்படி’ என்றே எழுதினேன். ஆண்டைப் பொறுத்தவரை விற்பவர் சொன்னது சரிதான். அவர் கேட்ட விலை மட்டும் வேறொரு கருவிக்கு உரியது.

மதிப்பிடும்போது நான் எடுத்துக்கொள்வது விற்று முடிந்த விலைகளை மட்டுமே. விளம்பரத்தில் மாதக்கணக்காகத் தொங்கும் விலை, யாரும் கொடுக்க மறுத்த விலை. அதை ஒப்பீட்டுக்கு எடுப்பது தவறு. அதே ஆண்டு அசல் சன்பர்ஸ்ட்டின் விற்ற விலையை 100 என்று வைத்துக்கொண்டால், விற்பவர் கேட்டது 150. நிறம் அசல் அல்ல என்று ஆனதும் தனிநிறத்துக்கான அந்த 50 முழுதாகப் போகிறது, ஏனெனில் இந்த உடல் பிறந்தது சன்பர்ஸ்ட்டாக. பலர் இங்கே 150-இல் பாதி என்று 75-க்கு வந்து நிற்பார்கள். மறுபூச்சுக்குப் பாதி மதிப்பு என்பது வணிகர்களிடையே பழகிவந்த கணக்குதான்; ஆனால் அந்தப் பாதியை 100-இலிருந்து எடுக்க வேண்டும், 150-இலிருந்து அல்ல. ஆகவே 50. நகல் பிக்கார்டு, டோன் பொட்டென்ஷியோமீட்டர், அடைத்த துளைகள் ஆகியவற்றுக்கு மொத்தமாக 7 கழித்தேன். மறுபூச்சுக் கருவியை வாங்குபவர் வாசிப்பதற்கு வாங்குபவர் என்பதால், ஃப்ரெட் மாற்றியதற்கு எதுவும் கழிக்கவில்லை. நல்ல ஃப்ரெட் அவருக்கு லாபமே. மிஞ்சியது 43.

இந்தத் தொகை மிகவும் தாழ்ந்ததா என்று சரிபார்க்க இன்னொரு வழியிலும் கணக்கிட்டேன்: தேதியோடு கூடிய நெக், தொடப்படாத பிக்கப், தகடு, ட்யூனிங் கீகள், பிரிட்ஜ், உடல் என்று தனித்தனியே விற்றால் எவ்வளவு வரும் என்பது. அது 40-ஐ ஒட்டி வந்தது. இதற்குக் கீழே கேட்டால் விற்பவர் கருவியைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிடுவார் என்ற எச்சரிக்கைக் கோடு அது. அறுபது ஆண்டுகள் ஒன்றாக இருந்த நெக்கும் உடலும் அப்படிப் பிரிவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆகவே பேரத்தை 40-க்கு மேலேயே வைக்கச் சொன்னேன்.

நீலத்தைச் சுரண்டி அடியில் இருக்கும் சன்பர்ஸ்ட்டை மீட்கலாமா என்று வாங்க விரும்பியவர் கேட்டார். மேல் பூச்சை மட்டும் எடுத்து அடிப்பூச்சைக் காப்பாற்றுவது மிகுந்த பொறுமை வேண்டும் வேலை. மீண்டு வருவது முழுமையாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை, மறுபூச்சுக்காரர் அடியில் எவ்வளவு தேய்த்தார் என்பது சுரண்டிய பிறகுதான் தெரியும். அந்த நம்பிக்கைக்கு முன்பணமாக எதையும் விலையில் சேர்க்க வேண்டாம் என்றேன். எல்லை தாண்டி எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் கவனிக்க வேண்டிய இன்னொரு செலவையும் குறித்தேன். இந்தக் காலத்து ஃபெண்டர் பலகைகளில் பிரேசில் ரோஸ்வுட் பயன்பட்டது, அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது. மரம் 1992-க்கு முற்பட்டது என்று காட்டும் சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு விற்கவோ அனுப்பவோ கூடாது.

அறிக்கையைப் படித்த விற்பவர், தான் வாங்கியபோதே நீலமாகத்தான் இருந்தது என்றார். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அடைத்த துளைகளை அவருக்கும் விளக்கைச் சாய்த்துக் காட்டினேன். பேரம் 45-இல் முடிந்தது. என் கணக்கைவிட இரண்டு அதிகம், ஆனால் நெக்கும் பிக்கப்பும் இந்த நிலையில் இருக்கும் கருவிக்கு அது நியாயமான விலை என்றே சொன்னேன். ரசீதில் ‘1964 பிற்பகுதி, உடல் மறுபூச்சு, முதல் நிறம் சன்பர்ஸ்ட், டோன் பொட்டென்ஷியோமீட்டர் 1972, பிக்கார்டு நகல், ஃப்ரெட் மாற்றியது’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். நெக் முத்திரை, இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் எண்கள், பிக்கப்பின் அடித்தட்டு, அடைத்த துளைகள் ஆகியவற்றின் படங்களும் அந்த ரசீதோடு இணைக்கப்பட்டன. இந்தக் கருவி அடுத்து யார் கைக்குப் போனாலும் அந்தத் தாளும் கூடவே போக வேண்டும் என்பது வாங்கியவரோடு பேசி முடித்த ஏற்பாடு.